விளக்கெண்ணெய் வாசனை

ஆயாவின் விளக்கெண்ணெய்க்கு ஒரு கணக்கு உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், பேரப்பிள்ளைகள் நாலு பேரும் கொல்லைப் படியில் வரிசையாக உட்கார வேண்டும். இடது கையால் மூக்கைப் பிடிப்பாள், வலது கையில் கரண்டி. விழுங்கியவனுக்கு ஒரு துண்டு கரும்பு. துப்பியவனுக்கு இன்னொரு கரண்டி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருக்கும் எங்கள் டோங்காட்டில் ஆமணக்கு சாலையோரத்தில் களையாக மண்டிக் கிடக்கும். அந்த இலையைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அதே வாசனையின் பின்னால் 11 வயதில் நான் இரண்டு மைல் ஓடினேன்.

1974, ஜூலை மாதம். இங்கே ஜூலை என்றால் குளிர்காலம், கரும்பு வெட்டும் பருவம். வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். கரித்தூள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் எல்லாம் விழும், பெண்கள் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். அன்றைக்குக் கொளுத்தாத கரும்பு ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் நின்றிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். வண்டி என்று முதலில் தோன்றவில்லை. ராட்சதக் குளவி ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, ஏறும், அறுந்து போகும், மறுபடி ஏறும். கரும்பு மறைத்ததால் எதுவும் தெரியவில்லை. காற்று திரும்பியதும் வாசனை வந்தது. பெட்ரோல் புகை, அதற்குள்ளே ஆயாவின் கரண்டி.

ஓடிப் போய்ப் பார்த்தபோது தோட்டத்து வரப்பு மேட்டில் ஏறி அந்த வண்டி ஆகாயத்தில் இருந்தது. அலுமினிய டாங்க், அதில் பச்சைப் பட்டை. ஓட்டியவன் கரும்புத் தோட்ட முதலாளியின் மகன், வெள்ளைக்காரப் பையன், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவன் இருப்பான். சக்கரம் தரையில் பட்டதும் மண் வாரி அடித்தது. மறுபடி கரும்புக்குள் போய்விட்டான். நான் பார்த்தது மொத்தம் மூன்று வினாடி.

அது ஹோண்டா எல்சினோர் என்று பின்னால்தான் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் எல்சினோர் ஏரிப் பக்கம் நடக்கும் பந்தயத்தின் பெயரை வைத்தார்களாம். 1973-ல் வந்த சிஆர் 250 எம், டூ ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்கினாலே ஒரு வெடி வெடிக்கும் என்ஜினில், ஹோண்டா விற்பனைக்கு விட்ட முதல் மோட்டோகிராஸ் வண்டி, மண் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டும் பந்தயத்துக்கானது. அதுவரை ஃபோர் ஸ்ட்ரோக்கே கதி என்று இருந்த கம்பெனி. வந்த வருடமே அதில் கேரி ஜோன்ஸ் அமெரிக்காவின் தேசிய 250 சிசி பட்டத்தை அடித்துவிட்டார்.

என்னைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்குக் கப்பல் கப்பலாகக் கூலிக்கு ஆள் கொண்டுவந்தார்கள் இல்லையா, அதில் ஒரு கப்பலில் வந்தவர் என் கொள்ளுத்தாத்தா. அப்பா சர்க்கரை ஆலையில் எடைக் குமாஸ்தா. சாயங்காலம் கோயில் பாடசாலையில் தமிழ் வாத்தியார். வீட்டுக்குள் இங்கிலீஷ் பேசினால் தட்டில் சோறு விழாது. என் கூட்டாளிகள் பலருக்குத் தமிழ் தேவாரத்தோடு நின்றுபோன ஊரில் நான் இன்றைக்கும் தமிழில் கணக்கு எழுதுகிறேன், கனவு காண்கிறேன், திட்டுகிறேன் என்றால் அது அந்தச் சோற்றுப் பயம். மோட்டார் சைக்கிளைப் பற்றி அப்பாவின் கொள்கை ஒரே வரி: “ரெண்டு சக்கரத்துல போறவன் மேல யமனுக்கு எப்பவும் ஒரு கண்ணு.”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாங்கள் மூன்று பையன்கள் அந்தத் தோட்டத்து வேலிக்கு வெளியே, கரும்பு வண்டித் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிடுவோம். உள்ளே அந்தப் பையனின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றுவார்கள். எங்களை யாரும் விரட்டவில்லை. விரட்டவேண்டிய தேவையே இல்லை. எந்த பெஞ்சில் யார் உட்காரலாம், எந்தக் கடற்கரையில் யார் குளிக்கலாம் என்பதற்கெல்லாம் 1953-லேயே நிறவெறி அரசு சட்டம் போட்டுவிட்டது. வேலியைத் தாண்டக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மழை மேலிருந்துதான் பெய்யும் என்று யார் சொல்லித்தருவார்கள்?

அதனால் எங்களுக்குக் காதுதான் வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு, வளைவில் வரும் வண்டி எது என்று பந்தயம் கட்டுவோம், தோற்றவன் ஒரு மிட்டாய். எல்சினோர் கீச்சென்று அறுக்கும். ஜெர்மன்காரன் மைக்கோ தொண்டை கட்டியவன் மாதிரி அடிவயிற்றிலிருந்து பேசும். செக் நாட்டு சிஇசட் டொக் டொக்கென்று உலக்கை இடிக்கும். இந்த சிஇசட் உங்களுக்கும் தூரத்துச் சொந்தம்தான். மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி எல்லாம் அதே செக் குடும்பத்து வண்டிகள். தமிழ்நாட்டில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு நான் சொல்லும் சத்தம் சொல்லாமலே புரியும்.

வண்டியை எனக்குத் தொடக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. பகலில் ஒரு கராஜில் எடுபிடி, மெக்கானிக் வேலை முழுக்கச் செய்வார், எடுபிடிச் சம்பளம் வாங்குவார். கோயில் விசேஷம் என்றால் நாதஸ்வரம். தைப்பூசக் காவடி இங்கே கொளுத்தும் கோடையில் வரும். வெறுங்கால் பொசுங்க, முழு ஊர்வலத்துக்கும் ஊதிவிட்டுத் திங்கட்கிழமை கராஜுக்குப் போய்விடுவார்.

1981-ல், 18 வயதில், மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய யமஹா டிடி 175 வாங்கினேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வாங்கிய பத்தாம் நாள் வண்டி கிளம்ப மறுத்தது. நாற்பது உதை உதைத்தேன். பிளக் மாற்றியாயிற்று, பாயிண்ட் இடைவெளியை விசிட்டிங் கார்டை விட்டுப் பார்த்துச் சரிசெய்தாயிற்று, பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, வண்டி மட்டும் வரவில்லை. மாமா வந்து ஒரு உதை உதைத்தார். கார்புரேட்டர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொரு உதை. கையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை பெட்ரோலில் நனைந்திருந்தது.

“இழுக்கணும், ஆனா துப்புது. சீவாளி போயிடுச்சுடா.”

எனக்குப் புரியவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்து கூரை வீடு மாதிரி ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ரீட் வால்வு. கூரையின் இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டு இதழ்கள். பிஸ்டன் மேலே போகும்போது என்ஜின் அடிவயிற்றில் உறிஞ்சும், இதழ் திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். பிஸ்டன் இறங்கும்போது இதழ் படக்கென்று மூடிக்கொள்ளும், உள்ளே போனது திரும்பி வராது. என் வண்டியில் ஒரு இதழின் ஓரம் நகம் கடித்த மாதிரி உடைந்திருந்தது.

மாமா தன் நாதஸ்வரப் பையைத் திறந்து ஒரு சீவாளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதுவும் அதுவும் ஒண்ணுதான். ரெண்டு இதழ், நடுவுல மூச்சு. ஒட்டி மூடலைன்னா சத்தம் வராது.” சீவாளியை அவர் தங்கம் மாதிரி வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சீவாளி டோங்காட்டுக்கு வரவேண்டும் என்றால் யாராவது எங்கெங்கோ சுற்றிப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவர வேண்டும். அதனால் தேய்ந்ததைச் சீவி, நனைத்து, கட்டி, மறுபடி ஊதுவார். அதே பொறுமையோடு, ஒரு மெல்லிய ஃபைபர் தகட்டைக் கத்தரித்து, கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் ஓரம் தேய்த்து, பெட்டியில் பொருத்தினார். பொருத்தியதும் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். உறிஞ்சினால் காற்று வந்தது, ஊதினால் போகவில்லை. முகத்தில் பெட்ரோலோடு என்னைப் பார்த்து, “இப்ப உதை” என்றார். முதல் உதையில் பிடித்தது.

டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சரும் நாதஸ்வரம்தான் என்பதை நானே பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குழாய் நடுவில் பருத்து முனையில் ஒடுங்கியிருக்கும். அழகுக்காக இல்லை. எரிந்த புகை வெளியேறும்போது கூடவே ஓர் அழுத்த அலை போகிறது. ஒடுங்கிய முனையில் அது மோதித் திரும்பி வந்து, புகையோடு சேர்ந்து தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அலை போய்த் திரும்பும் நேரமும் என்ஜின் சுற்றும் நேரமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் ஒத்துப்போகும். அதனால்தான் பழைய டூ ஸ்ட்ரோக் கீழே சோம்பிக் கிடக்கும், ஓரிடத்தைத் தாண்டியதும் சாமி வந்த மாதிரி ஆடும். தாளம் சேரும் இடம் அது.

இந்த வித்தையை முழுசாக வசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். அவரிடம் வண்டி ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல், பெர்லின் சுவர் எழும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மனைவி மக்களைக் கார் டிக்கியில் ஒளித்து எல்லை தாண்டவைத்துவிட்டு, தலையில் இருந்த ரகசியத்தோடு சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும். மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் அந்த ஓட்டக்காரரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பாவம், அந்தக் குழாய் செஞ்ச ஆளு” என்றார்.

நான் முதல்முறை பந்தயக் கேட்டில் நின்றது 1992-ல். வயது 29, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பெஞ்சுக்கும் கடற்கரைக்குமான சட்டம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, எல்லாருக்குமான ஓட்டுரிமைக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்தக் காலையில் பெயர் எழுதிக்கொண்டவர் என் பெயரை மூன்று முறை கேட்டு, கடைசியில் அவருக்கு வசதியான ஒன்றை எழுதிக்கொண்டார். கடைசிக்கு முந்தியவனாக வந்தேன். கடைசியாக வந்தவனுக்குச் சங்கிலி அறுந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே வருடம்தான் கிரெக் ஆல்பர்ட்டின் 125 சிசி உலக சாம்பியன் ஆனார், மோட்டோகிராஸில் முதல் தென்னாப்பிரிக்கர். 2000-ல் கிரான்ட் லாங்ஸ்டன், 2008-ல் டைலா ராட்ரே, இரண்டு பேரும் எங்கள் டர்பன்காரர்கள். அவர்கள் ஜெயித்தபோது தெருவில் கத்தியவர்களில் நானும் ஒருவன். கத்தி முடித்துவிட்டு, அந்தத் தண்டவாளத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன். காதிலேயே மைக்கோவையும் சிஇசட்டையும் பிரித்தவர்கள். ஒருவன் செருப்பு ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனான். இன்னொருவன் இல்லை.

எல்சினோர் கிடைத்தது 2009-ல். ஸ்டேங்கர் பக்கம், இப்போது குவாடுகூசா என்று பெயர், ஒரு பண்ணைக் கொட்டகையில். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. ஃபிரேமும் என்ஜினும் துருவுமாக ஆறாயிரம் ராண்ட். பக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். (தமிழ்நாட்டில் பக்கி என்றால் திட்டு என்று தெரியும். இங்கே பக்கி என்றால் பிக்கப் வண்டி. மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரிடம் “வாங்க, பக்கியில ஏறுங்க” என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக் கதை.)

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஊறவைத்தேன். தினமும் வேலை முடிந்து வந்து, தலையைக் கழற்றிய சிலிண்டருக்குள் மரக்கட்டையை வைத்து நாலு தட்டு. ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாம் நாள் தட்டியபோது சத்தம் மாறியது. அடைபட்ட சத்தத்துக்குள் ஒரு வெற்றிடம் கேட்டது. வண்டியைக் காதால் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதும். இன்னும் மூன்று தட்டில் ஒரு நூல் இறங்கியது.

சிலிண்டரைக் கடைந்து பெரிய சைஸ் பிஸ்டன் போட ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். 70 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஒரு தலைமுடியின் கனத்துக்கு இடைவெளி வேண்டும், ஏனென்றால் சூட்டில் பிஸ்டன் வீங்கும். அளவு எழுதிய தாளையும் கூடவே கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் அதில் பாதிகூட விடவில்லை. கையால் சுற்றும்போதே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. அளந்து பார்க்கவேண்டிய நான், புதுசு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 46 வயதில் பொறுமை இருக்கும் என்று யார் சொன்னது? மூன்றாவது சுற்றில், முழு வேகத்தில், என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவனின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும் என்பது மாமாவின் முதல் பாடம். அன்றைக்கு என் விரல்கள் வேறெங்கோ இருந்தன. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “ஏங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” அதில் அக்கறை இல்லை, விஷம்தான்.

மறுபடி கடைந்து, இந்தத் தடவை நானே அளந்து, 2010-ல் அதை ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன்: வசதியான வண்டி இல்லை. பின்பக்கம் இரண்டு ஷாக், சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் 10 சென்டிமீட்டர் சுமார். இன்றைய வண்டிகளில் அது 30. பெல்ஜியத்தில் லூசியன் டில்கன்ஸ் என்ற பேராசிரியர் இரண்டு ஷாக்கை எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் ஒரே நீள ஷாக்கைப் படுக்கவைத்தார். சுசுகி வேண்டாம் என்றது, யமஹா வாங்கிக்கொண்டது. 1973-ல் அதில் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் ஜெயித்தார். அதன் பிறகு சில வருடத்துக்குள் இந்த எல்சினோர் மாதிரி வண்டிகள் எல்லாம் கிழமாகிவிட்டன. ஒரு வண்டி இளமையாக இருந்தது இரண்டே வருடம்தான்.

புது வண்டி பள்ளத்தைத் தானே விழுங்கும். பழைய வண்டியில் பள்ளத்தை நாம்தான் விழுங்க வேண்டும், முழங்காலாலும் இடுப்பாலும். மூன்று சுற்றில் உள்ளங்கை கன்றிப்போகும். டிரம் பிரேக் ஈரத்தில் ‘பார்க்கலாம்’ என்று பதில் சொல்லும். ஆனால் தரையில் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு கல்லாகத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது, வேறு நியாயம் என்னிடம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய வண்டிப் பந்தயத்தில், என் பக்கத்தில் மைக்கோ 490 வைத்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது தாண்டியவர், டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், அந்தக் காலம் மாதிரி வருமா, எல்லாரும் குடும்பம் மாதிரி இருந்தோம், யாரும் எதையும் பூட்டிவைக்கவில்லை என்று. நல்ல மனுஷர். நான் டீயைக் குடித்தேன். எங்கே இருந்தீர்கள் அப்போது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. தண்டவாளத்தில் என்று சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அவர் கார்புரேட்டர் வழிய ஆரம்பித்தது. ஃப்ளோட் ஊசியில் மண் மாட்டியிருந்தது. நான்தான் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த வண்டிகள்மேல் எனக்கு இருக்கும் ஆசையில் அந்தக் காலத்தின்மேல் ஆசை ஒரு சொட்டுக்கூட இல்லை. இதைச் சொன்னால் கூட வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. என் சொந்தக்காரர்களுக்கு மீதிப் பாதி புரிவதில்லை, “அவங்க விளையாட்டுடா அது” என்பார்கள்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். என்ஜினுக்குள் தனி எண்ணெய்க் கிணறு கிடையாது. அந்த நாளில் பந்தயக்காரர்கள் விரும்பியது ஆமணக்கு எண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் இங்கிலீஷ் பெயரான காஸ்டரிலிருந்து வந்ததுதான். மற்ற எண்ணெய் சூட்டில் விலகி ஓடும் இடத்தில் இது உலோகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். குறையும் உண்டு. பிசின் மாதிரி படியும், பிஸ்டன் வளையத்தை ஒட்டவைக்கும், குளிரில் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கலந்து வைத்ததைக் காலையில் குலுக்காமல் ஊற்றினால் போச்சு. இன்றைக்கு அதைவிட நல்ல செயற்கை எண்ணெய்கள் இருக்கின்றன, நானும் மற்ற வண்டிகளுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். எல்சினோருக்கு மட்டும் காஸ்ட்ரால் ஆர். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். விலையைக் கேட்டால் ஆயாவின் கரண்டியை நக்கிக் குடித்திருப்பீர்கள்.

போன கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் நல்ல மழை. எங்களுக்குக் கார்த்திகை கோடை மழையில்தான் வரும், அகல் நனைந்து அணைவது வழக்கமான சண்டை. மழை விட்டதும் நான் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே கால் நின்றுவிட்டது. பந்தயம் தொடங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், நாற்பது வண்டி உறுமிக்கொண்டு நிற்கும் இடத்தின் வாசனை, என் வீட்டு வாசலில். சத்தம் மட்டும் இல்லை. திண்ணை முழுக்க அகல் வரிசை, சுடர் அசையாமல் நின்று எரிகிறது.

மனைவி கடைசி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். வீட்டில் எண்ணெய் தீர்ந்துபோச்சாம், கடை மூடியாச்சாம், கராஜ் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்ததாம், மோந்து பார்த்தால் விளக்கெண்ணெய்தானாம்.

“நல்லா எரியுதுல்ல? காத்துக்குக்கூட அணையல. எங்க வாங்குனீங்க, இனிமே இதையே வாங்கிடலாம்.”

அலமாரியில் போய்ப் பார்த்தேன். பாட்டிலில் அடியில் ரெண்டு விரல் மீதி இருந்தது. திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். வாங்கலாம் என்றேன். விலையை நான் சொல்லவில்லை.